பிறரை எரிச்சலூட்டும் ஓட்டுப் பழக்கங்களும் அன்றாடப் பழக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலையிலும் வரிசையிலும் காத்திருப்பு அறையிலும் நாள்தோறும் நேரும் இடைஞ்சல்களைப் பற்றிப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். பாதிக்கு மேற்பட்டவை சாலையைப் பற்றியவை. மற்ற இடங்களில் முகச்சுளிப்போடு முடிந்துவிடும் கவனக்குறைவு, சாலையில் உயிரையே வாங்கிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் இறக்கிறார்கள்.

நாலு நொடித் தாமதம், ஒரு சின்னச் சத்தம். இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு எரிச்சல் வருகிறது?

இழந்த நேரத்தின் அளவுக்கும் வரும் எரிச்சலின் அளவுக்கும் பெரும்பாலும் தொடர்பே இருப்பதில்லை. மழையால் அரை மணி நேரம் தாமதமானால் பொறுத்துக்கொள்கிறோம். வரிசையில் ஒருவர் நமக்கு முன்னால் புகுந்து ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டால், அன்று மாலைவரை அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மழை யாரையும் கேட்டுப் பெய்வதில்லை. புகுந்தவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நாம் அங்கே நிற்பதே அவர் கண்ணில் படவில்லை என்பதுதான் சுடுகிறது. கீழே வரும் பழக்கங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இந்த ஒன்று இருப்பதைக் காணலாம்: பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார், நாம் செய்யப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்ற நினைப்பு அந்த நேரத்தில் இல்லாமல் போவது.

காத்திருப்பின் உளவியலைப் பற்றி டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. காரணம் சொல்லாமல் காக்கவைத்தால் அந்த நேரம் நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருந்தாலும் அது நீளும். முறை தவறிக் காக்கவைக்கப்பட்டாலும் நேரம் நீளமாகத் தெரியும் என்றார். கடிகாரத்தில் எல்லா நிமிடமும் ஒரே அளவுதான். மனத்தில் அப்படி இல்லை.

நேரில் சாதுவாக இருப்பவர்கூட ஸ்டியரிங்கைப் பிடித்தவுடன் ஏன் மாறிவிடுகிறார்?

நடந்து போகும்போது ஒருவர்மீது தோள் இடித்துவிட்டால் உடனே திரும்பிப் பார்க்கிறோம், கையைத் தூக்குகிறோம், "மன்னிச்சுக்குங்க" என்கிறோம். அவரும் தலையசைத்துவிட்டுப் போகிறார். ஒரு நொடியில் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுப் போகிறது. எதிரில் தெரிவது முகம் அன்று, தகரமும் கண்ணாடியும்தான். சொல்வதற்கு இருப்பது ஹாரனும் விளக்கும் மட்டுமே, அவற்றில் மன்னிப்புக்கென்று தனி ஒலி இல்லை, வசவுக்கென்றும் இல்லை. எனவே கேட்பவர் எதையும் வசவாகவே எடுத்துக்கொள்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் திடீரென்று லேன் மாறினால் அதற்கு ஒரு சூழ்நிலையைக் காரணமாகச் சொல்வோம்: திருப்பம் கண்ணில் படவில்லை, குழந்தை அழுதது, பாதையில் பள்ளம் இருந்தது. அதையே அடுத்தவர் செய்தால், காரணத்தை அவருடைய குணத்தில் தேடுகிறோம்: திமிர் பிடித்தவர், ஓட்டத் தெரியாதவர். அடுத்தவர் செயலுக்கு அவர் குணத்தையே காரணமாக்கும் இந்தச் சாய்வுக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் அடிப்படைக் காரணக் கற்பிதப் பிழை என்று பொருள்படும் பெயரை இட்டார். சாலையில் இந்தப் பிழை செழித்து வளர்கிறது; ஏனென்றால் அடுத்த வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரிய வழியே இல்லை.

சிக்னலில் பச்சை விழுந்த நொடியே பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்களே, அதனால் பயன் உண்டா?

அநேகமாக இல்லை. வரிசையில் நிற்கும் வண்டிகள் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. முன்வண்டி நகர்ந்ததைப் பார்த்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, அடுத்தது நகர ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. பத்தாவதாக நிற்பவருக்கு அசைவு வந்து சேரப் பத்து நொடியாவது வேண்டும். முதல் வண்டிக்காரர் போனைப் பார்த்துக்கொண்டு பச்சையைக் கவனிக்காமல் இருந்தால் அவருக்கு நேர் பின்னால் இருப்பவர் லேசாக ஒருமுறை தட்டுவதில் தவறில்லை. பத்தாவது வண்டியிலிருந்து வரும் ஹாரன் யாரையும் நகர்த்தாது, நடுவில் இருக்கும் எட்டுப் பேரின் காதைத்தான் நிறைக்கும்.

அந்தச் சத்தத்தின் அளவையும் சொல்லிவிட வேண்டும். வண்டிகளின் ஹாரனுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் 28-ஆம் ஒழுங்குமுறை, காரின் ஹாரன் 7 மீட்டர் தொலைவில் குறைந்தது 93 டெசிபல், மிகுந்தால் 112 டெசிபல் இருக்க வேண்டும் என்கிறது. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு போன்றதன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருப்பவருக்குத் தன் ஹாரன் மங்கலாகத்தான் கேட்கும். பக்கத்தில் இருசக்கர வண்டியில் நிற்பவருக்கும், சாலையைக் கடக்க நிற்கும் முதியவருக்கும், தொட்டிலில் இருக்கும் குழந்தைக்கும் அது முழு வீச்சில் போய்ச் சேர்கிறது. அடிப்பவருக்குத் தான் அடிப்பதன் கடுமை தெரியாமல் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

1968-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அந்தோனி டூப், ஆலன் கிராஸ் என்ற இருவர், சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் வேண்டுமென்றே வண்டியை நகர்த்தாமல் 12 நொடி நின்று, பின்னால் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். பழைய, மலிவான கார் நின்றபோது 84 விழுக்காட்டினர் ஹாரன் அடித்தார்கள். பளபளப்பான விலையுயர்ந்த கார் நின்றபோது 50 விழுக்காட்டினரே அடித்தார்கள். தாமதம் ஒன்றுதான், அவசரமும் ஒன்றுதான். முன்னால் நிற்பவர் யார் என்ற மதிப்பீடு மட்டும் மாறியிருக்கிறது. "பொறுக்க முடியவில்லை, அடித்துவிட்டேன்" என்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆள் பார்த்துப் பொறுக்க முடிகிறதென்றால், எல்லோரிடமும் பொறுக்கவும் முடியும்.

அப்படியானால் ஹாரனை எப்போதுதான் அடிப்பது?

1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை இரண்டே காரணங்களை ஏற்கிறது: விபத்தைத் தவிர்க்க எச்சரிப்பது, குடியிருப்புப் பகுதிக்கு வெளியே, முந்தப்போகிறேன் என்று முன்வண்டிக்குத் தெரிவிப்பது. தேவைக்கு மேல் நீட்டி அடிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. வந்துவிட்டேன் என்று வீட்டு வாசலில் நின்று அழைப்பதற்கும், தெரிந்தவரைப் பார்த்து வணக்கம் சொல்வதற்கும், கோபத்தைக் காட்டுவதற்கும் அதில் இடமில்லை.

பின்வண்டி முதுகில் ஒட்டிக்கொண்டே வருகிறது. இது வெறும் எரிச்சலா, ஆபத்தா?

இரண்டும்தான், ஆபத்து பெரிது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. முன்வண்டியின் சிவப்பு விளக்கைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி போய்விடும். அந்த 17 மீட்டரும் பிரேக் இல்லாமலே ஓடிய தூரம். அதன் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். ஆகவேதான் முன்வண்டி ஒரு கம்பத்தையோ மரத்தையோ கடந்த பிறகு நாம் அதே இடத்தை அடைய இரண்டு நொடியாவது ஆக வேண்டும் என்று பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 33 மீட்டர்; 100 கிலோமீட்டர் வேகத்தில் 55 மீட்டருக்கும் மேல். மழையில் அதை இரண்டு மடங்காக்க வேண்டும். நெருக்கி வருபவர்கள் பலர் ஐந்தாறு மீட்டரில் வருகிறார்கள். அவர்கள் தங்கள் கையில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. முன்னால் போகிறவர் பிரேக் பிடிக்க மாட்டார் என்ற ஒரே நம்பிக்கையில் ஓட்டுகிறார்கள்.

நெருக்கி ஓட்டினால் சீக்கிரம் போகலாம் என்ற எண்ணமும் தவறானது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூகி சுகியாமாவும் உடனிருந்தோரும் 2008-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரையும் சீராக 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே வருபவர் இல்லை. ஆனாலும் சிறிது நேரத்தில் ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னவர் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்க, அது வளர்ந்து சில வண்டிகள் அடியோடு நின்றுவிட்டன. அந்த நெரிசல் ஓர் அலையைப்போல, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. காரணமே தெரியாமல் நின்று நின்று போகும் நெரிசல் இப்படித்தான் பிறக்கிறது. இடைவெளி விட்டு ஓட்டுபவர் அந்த அலையைத் தன்னிடத்திலேயே கரைத்துவிடுகிறார். நெருக்கி ஓட்டுபவர் அதைப் பெருக்கிப் பின்னால் அனுப்புகிறார்.

நமக்குப் பின்னால் ஒருவர் இப்படி ஒட்டினால், பாடம் கற்பிக்கிறேன் என்று திடீர் பிரேக் அடிப்பது பெருந்தவறு. நமக்கு முன்னால் உள்ள இடைவெளியைக் கூட்டிக்கொண்டு, வசதியான இடத்தில் ஒதுங்கி வழிவிடுவதே சரி. அவர் போகட்டும்.

வேகமாகப் போனால் நேரம் மிச்சமாகும் அல்லவா?

பத்துக் கிலோமீட்டர் தூரத்தை 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 10 நிமிடம், 70-இல் போனால் எட்டரை நிமிடம். மிச்சம் ஒன்றரை நிமிடம், அதுவும் வழியில் எங்கும் நிற்காமல் போனால். அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்தால் அது அங்கேயே தீர்ந்துவிடும். நாம் முந்திவந்த வண்டி மெதுவாக வந்து பக்கத்தில் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம்.

இண்டிகேட்டர் போடாமல் திரும்புவது ஏன் இவ்வளவு பேரைக் கடுப்பேற்றுகிறது?

மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய ஒன்றை ஒருவர் செய்யாமல் விடுகிறார் என்பதால். விரலால் ஒரு குச்சியை அசைத்தால் போதும். அதைச் செய்யாதபோது சுற்றியுள்ள ஐந்தாறு பேர் அவர் மனத்தில் இருப்பதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. குறுக்குத் தெருவிலிருந்து வெளியே வர நிற்பவர், நேரே வரும் வண்டிக்காகக் காத்திருக்கிறார். அந்த வண்டி சொல்லாமல் அவர் தெருவுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது.

திரும்பிக்கொண்டே போடும் இண்டிகேட்டரும் போடாததும் ஒன்றுதான். அது செய்தி சொல்வதற்கான விளக்கு. நடந்து முடிந்ததைச் சொல்ல விளக்கு வேண்டியதில்லை. திரும்புவதற்குச் சில நொடிகள் முன்பே, பிரேக் பிடிப்பதற்கும் முன்பாக, போட்டுவிட வேண்டும். திரும்பிய பிறகு அணைக்காமல் கிலோமீட்டர் கணக்கில் மின்னவிட்டுப் போவதும் அதே அளவு குழப்பம் தரும். போட்டுவிட்டோம் என்பதற்காக உடனே நுழைந்துவிடும் உரிமையும் கிடைத்துவிடாது. பக்கத்து வண்டி இடம் கொடுத்த பிறகுதான் நுழைய வேண்டும்.

இரவில் ஹை பீம் போட்டு வருபவர்களை என்ன செய்வது?

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இரவு, ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு வண்டி ஹை பீமோடு வந்து சேர்ந்தது. உள்கண்ணாடியில் வெள்ளை வெளிச்சம் நிரம்பி, என் தலையின் நிழல் முன்கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் கூர்மையாக விழுந்தது. பக்கக் கண்ணாடிகளில் வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. வழிவிட்டேன், அவர் முந்தவும் இல்லை. கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு, பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இருபது நிமிடம் ஓட்டினேன். அவரை மனத்துக்குள் என்னவெல்லாமோ திட்டியிருக்கிறேன். சில மாதங்கள் கழித்து நண்பரின் காரை இரவல் வாங்கி ஓட்டியபோது, எதிரே வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக விளக்கை மின்னிக் காட்டினார்கள். ஏன் என்று விளங்காமல் வெகுதூரம் போன பிறகுதான் டேஷ்போர்டில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரிவதைக் கண்டேன். ஹை பீம் எரிகிறது என்பதற்கான அடையாளம் அது. எத்தனை பேரின் கண்ணைக் கூசச் செய்திருப்பேன் என்று எண்ணியபோது வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து இரவில் வண்டியைக் கிளப்பியதும் அந்த நீல விளக்கைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இருட்டுக்குப் பழகிய கண்ணின் பாவை விரிந்திருக்கும். அதில் திடீரென்று பேரொளி பட்டால் சில நொடிகளுக்கு எதுவும் தெரியாது. வயதானவர்களுக்குப் பார்வை மீள இன்னும் கூடுதல் நேரமாகும். அந்தச் சில நொடியில் சாலையோரம் நடந்து போகிறவர் இருக்கும் இடம் தெரியாமல் மறைந்துவிடுகிறார். வியன்னா உடன்படிக்கையின்படி ஹை பீம் குறைந்தது 100 மீட்டருக்கும், லோ பீம் குறைந்தது 40 மீட்டருக்கும் சாலையைக் காட்ட வேண்டும். எதிரே வண்டி வந்தாலும், முன்னால் ஒரு வண்டியைப் பின்தொடர்ந்தாலும் லோ பீமுக்கு மாற்றிவிட வேண்டும். பின்தொடரும்போது டிம் செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லோ பீமில் 40 மீட்டர்தான் தெரிகிறது என்றால், அந்தத் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் ஓட்ட வேண்டும்.

எதிரே வருபவர் டிம் செய்யவில்லையென்றால் ஒருமுறை மின்னிக் காட்டலாம். அதற்கும் குறைக்காவிட்டால் வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் நம் பக்கத்து ஓரக்கோட்டில் வைத்துக்கொண்டு கடந்துவிட வேண்டும். பதிலுக்கு நாமும் ஹை பீம் போட்டால், பார்வை மறைந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் நோக்கி ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு லேன் ஒன்றாகும் இடத்தில் கடைசிவரை வந்து நுழைபவர் ஏமாற்றுகிறாரா?

இதில் பெரும்பாலோரின் எண்ணத்துக்கு மாறான விடையைத்தான் தர வேண்டியிருக்கிறது. நெரிசலில் வண்டிகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தால், இரண்டு லேன்களையும் முடியும் இடம்வரை பயன்படுத்தி, அங்கே ஒன்று விட்டு ஒன்றாக, பையின் ஜிப் பற்கள் கோத்துக்கொள்வதுபோல இணைவதே நல்ல முறை. ஜெர்மனியில் இது சட்டமாகவே இருக்கிறது. வெகுதூரத்துக்கு முன்பே எல்லோரும் ஒரே லேனுக்குப் போய்விட்டால் இன்னொரு லேன் வெறுமனே கிடக்கும். வரிசை இரண்டு மடங்கு நீண்டு, பின்னாலிருக்கும் சந்திப்பையும் அடைத்துவிடும்.

தவறு எங்கே என்றால், வெளியேறும் வழிக்காக ஒழுங்காக நிற்கும் வரிசையைத் தாண்டி, நேரே போகிறவர்போல ஓட்டிவந்து, கடைசி நொடியில் மூக்கை நுழைப்பது. அதற்காக நேர் வழியையும் அடைத்து நிற்பார்கள். லேன் முடிவதும் வெளியேறும் வரிசையும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால்தான் இந்தச் சண்டை ஓய்வதில்லை.

மெதுவாக ஓட்டுபவர்களும் எரிச்சல்தானே?

மெதுவாக ஓட்டுவது தவறன்று. முந்துவதற்கான லேனில் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருப்பது தவறு. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டதைக் கண்ணாடியில் கண்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆனால் புதிதாக ஓட்டக் கற்பவரையும், வயதானவரையும், பாரம் ஏற்றியவரையும் விரட்டக் கூடாது. விரட்டினால் அவர்கள் வேகமாக ஓட்ட மாட்டார்கள், தடுமாறுவார்கள்.

சிக்னலில் நிற்கும்போது போனைப் பார்த்தால் என்ன? ஹேண்ட்ஸ் ஃப்ரீயில் பேசினால் என்ன?

நின்றுகொண்டிருக்கும்போது பார்க்கத் தொடங்கிய செய்தி, வண்டி நகர்ந்த பிறகும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நகரும்போது பார்த்தாலோ கணக்கு இன்னும் கொடியது: 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கீழே குனிந்தால் 33 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

ஹேண்ட்ஸ் ஃப்ரீ பற்றி யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓட்டுவதை ஒத்த பணியைச் செய்தவர்கள் போனில் உரையாடும்போது, தவறவிட்ட சிக்னல்கள் இரண்டு மடங்கு அளவுக்குக் கூடின. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் வேறுபாடு இல்லை. கை ஒரு பொருட்டே இல்லை, கவனம்தான் போய்விடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவர் சாலையைப் பார்க்கிறார், நெருக்கடியான இடத்தில் தானாகவே பேச்சை நிறுத்துகிறார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால், "அப்புறம் பேசறேன்" என்று நாமே வைத்துவிடுவது அவருக்குச் செய்யும் உதவி.

இரண்டு வண்டி நிறுத்தும் இடத்தில் ஒன்றைக் குறுக்கே நிறுத்துகிறார்களே?

"இரண்டு நிமிஷத்துல வந்துடுவேன்" என்ற நினைப்புதான் காரணம். கோட்டின் நடுவிலும், அடுத்தவர் கதவைத் திறக்க முடியாதபடியும், சக்கர நாற்காலி இறங்கும் சரிவை மறித்தும் நிறுத்துவது அந்த இரண்டு நிமிடத்துக்குள்ளேயே ஒருவரைச் சிக்கவைக்கும். வேறு வழியே இல்லையென்றால் போன் எண்ணை எழுதிக் கண்ணாடியில் வைத்துவிட்டுப் போகலாம்.

பொது இடத்தில் ஒருவர் போனில் பேசுவது, இரண்டு பேர் நேரில் பேசுவதைவிட ஏன் தொந்தரவாக இருக்கிறது?

சத்தம் மட்டும் காரணமில்லை. 2010-இல் லாரன் எம்பர்சனும் உடனிருந்தோரும் வெளியிட்ட ஆய்வில், கவனம் தேவைப்படும் ஒரு வேலையைக் கொடுத்து, பின்னணியில் மூன்று விதமாகப் பேச்சைக் கேட்கச் செய்தார்கள்: ஒருவர் மட்டும் தொடர்ந்து பேசுவது, இருவர் உரையாடுவது, உரையாடலில் ஒரு பாதி மட்டும் கேட்பது. மூன்றாவதில்தான் வேலையில் தவறு கூடியது. மறுபாதி கேட்காதபோது அடுத்து என்ன வரும் என்று மூளை தானாகவே ஊகிக்கத் தொடங்கிவிடுகிறது. நாம் வேண்டாமென்றாலும் அது நிற்பதில்லை.

ஸ்பீக்கரில் வீடியோ போடுவது இதைவிடக் கடுமை. ஒருமுறை மருத்துவருக்காகக் காத்திருந்த அறையில் ஒருவர் அரை நிமிட வீடியோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்கும், அறுந்துபோகும். சிரிப்புச் சத்தம் வரும், அறுந்துபோகும். எதிரே ஒரு தாயின் தோளில் காய்ச்சலில் இருந்த குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அதன் கை திடுக்கிட்டு விரிவதைப் பார்த்தேன். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, குழந்தை தூங்குது, கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கிறீங்களா" என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, "அய்யோ, நான் கவனிக்கவே இல்லைங்க" என்று உடனே அணைத்துவிட்டார். என் அழைப்பு வரும்வரை அவர் அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. அரை மணி நேரமாக அவரை முறைத்துக்கொண்டிருந்த நாங்கள் ஏழெட்டுப் பேரும் அதைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாம்.

மெல்லும் சத்தம், மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டால் எனக்கு உடம்பே பதறுகிறது. இது என் குறையா?

சிலருக்கு இது வெறும் பிடிக்காமையைத் தாண்டியது. மார்கரெட் ஜாஸ்ட்ரெபாஃப், பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற இருவர் 2001-இல் இதற்கு மிசோஃபோனியா என்று பெயரிட்டார்கள். ஒலி வெறுப்பு என்று பொருள். 2017-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்டவர்களின் மூளையில் முன் இன்சுலா என்ற பகுதி அந்தச் சத்தங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கிளர்வது தெரிந்தது. ஆகவே பக்கத்தில் இருப்பவர் இதைச் சொன்னால், வேண்டுமென்றே சீண்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரும் அதைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லாமல், வேறொரு நேரத்தில் தனியாகச் சொல்லுவது நல்லது.

வரிசையில் பின்னால் இருப்பவர் மேலே இடிக்கிறாற்போல நிற்கிறார். நெருங்கி நின்றால் வரிசை வேகமாக நகருமா?

நகராது. வரிசையின் வேகத்தை முடிவு செய்வது முன்னால் கவுண்டரில் நடக்கும் வேலைதான். மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-இல், ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்கு உட்பட்ட இடத்தை நெருக்கமானவர்களுக்கு மட்டுமே மனிதர்கள் அனுமதிப்பதாக எழுதினார். அந்த அளவு பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்றும் சேர்த்தே சொன்னார். நமக்கு முன்னால் நிற்பவர் அரை அடி முன்னே நகர்ந்தால் அது நமக்குக் கிடைத்த இடமன்று. அவர் நம்மிடமிருந்து விலகி எடுத்துக்கொண்ட இடைவெளி.

லிஃப்டிலும் எஸ்கலேட்டரிலும் எது முறை?

லிஃப்டில் இறங்குபவர்கள் இறங்கிய பிறகே ஏற வேண்டும். கதவை மறித்து நின்றால் எல்லோருக்கும் தாமதம். எஸ்கலேட்டரில் ஒரு பக்கம் நின்று மறுபக்கத்தை நடப்பவர்களுக்கு விடுவது பல இடங்களில் வழக்கம். ஆனால் லண்டன் பாதாள ரயிலின் ஹோல்போர்ன் நிலையத்தில் 2015-இன் இறுதியில் இரண்டு பக்கமும் நிற்கச் சொல்லிச் சோதித்தபோது, நெரிசல் நேரத்தில் முன்பைவிடக் கூடுதலானவர்கள் மேலே போய்ச் சேர்ந்தார்கள். உயரமான எஸ்கலேட்டரில் நடந்து ஏறுபவர்கள் குறைவு என்பதால் அந்தப் பக்கம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது. எனவே கூட்டம் மிகுந்த நேரத்தில் இரண்டு பக்கமும் நிற்பவர்மீது கோபப்பட வேண்டியதில்லை.

"அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லி அரை மணி நேரம் கழித்து வருபவரிடம் என்ன சொல்வது?

உண்மையான நேரத்தைக் கேளுங்கள். அரை மணி நேரம் ஆகும் என்று தெரிந்தால் காத்திருப்பவர் வேறு வேலையைப் பார்ப்பார். ஐந்து நிமிடம் என்று சொல்லப்பட்டவர் அரை மணி நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். தாமதத்தைவிடப் பொய்யான கணக்கே அதிகம் வருத்துகிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

முன்பின் தெரியாதவரிடம் அவர் தவறைச் சுட்டிக்காட்டலாமா?

நேரில் இருக்கும் இடத்தில் காட்டலாம். பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில், மரியாதையாக, என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். "உங்களுக்கு அறிவில்லையா" என்று தொடங்கினால் அவர் தன் மானத்தைக் காக்கத்தான் பார்ப்பார், சத்தம் குறையாது. நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே கவனிக்காதவர்கள். சிலர் முறைத்தார்கள், ஓரிருவர் ஏசினார்கள். அப்போது விலகி வந்துவிட்டேன்.

சாலையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். துரத்திப் போய்க் கண்ணாடியை இறக்கிப் பேசுவதால் யாரும் திருந்தியதாக நான் கண்டதில்லை. நமக்குத் தவறு நேர்ந்தால் கையைத் தூக்கிக் காட்டுங்கள். எதிரே இருப்பவரின் முகம் தளர்வதை அந்த ஒரு நொடியில் பார்க்கலாம்.

இந்தப் பழக்கங்கள் என்னிடம் இருக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம்மை நாமே கேட்டுக்கொண்டால் சரியான விடை வராது. 1981-இல் ஓலா ஸ்வென்சன் என்ற ஆய்வாளர், அவரவர் ஓட்டும் திறன் எப்படி என்று மாணவர்களைக் கேட்டபோது, அமெரிக்க மாணவர்களில் 93 விழுக்காட்டினரும் ஸ்வீடன் மாணவர்களில் 69 விழுக்காட்டினரும் தங்களைத் திறமையான பாதிக்குள் வைத்துக்கொண்டார்கள்.

எனவே அடிக்கடி பக்கத்து இருக்கையில் வருபவரைக் கேளுங்கள். "நான் எப்படி ஓட்டறேன்" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லாத்தான்" என்பார்கள். "நான் ஓட்டும்போது எந்த இடத்துல உங்களுக்குக் கால் தானா பிரேக்கைத் தேடுது" என்று கேளுங்கள். என் மனைவியிடம் இப்படிக் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. பேருந்துக்குப் பின்னால் போகும்போதெல்லாம் என்றார். அடுத்த நாள் பேருந்து ஒன்றின் பின்னால் போகையில், அது கடந்த மரத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்றை எண்ணி முடிப்பதற்குள் மரம் என்னைக் கடந்து போயிருந்தது.